ரெண்டு தீப்பெட்டி அளவு

பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின தாத்தா படம் வந்தது. கலர் போட்டு, பெருசாக்கி, பளபளன்னு. மாமா பார்த்துட்டு ‘சினிமாக்காரர் மாதிரி இருக்காரே’ன்னான். அதுதான் எனக்கு உறுத்துச்சு. பனியன் வேற நீலமா ஆயிருக்கு. தாத்தா ஹாக்கி டீமுக்குப் பச்சை.

பீரோவைத் திறந்து அசலை எடுத்தேன். நம்ம ஊர் தீப்பெட்டி ரெண்டை ஒட்டி வச்ச அளவு. ஏன் இவ்வளவு சின்னதுன்னு கேட்டிருந்தியே, அது ஆக்பா கிளிக் 3 கேமராவில எடுத்தது. ஒரு 120 பிலிம் சுருளுக்கு 12 படம், ஒவ்வொண்ணும் 6 சென்டிமீட்டர் சதுரம். நெகட்டிவைத் தாள்மேல அழுத்தி வச்சு, வெளிச்சம் காட்டி, அதே அளவுக்குப் பிரிண்ட் போட்டுடுவாங்க. பெருசாக்கணும்னா தனிக் காசு. அந்தக் கேமராவுக்குச் சாதாரண லென்ஸ்தான், பெருசாக்கினா மங்கிடும். இந்த அளவில் பாரு, மட்டையோட கைப்பிடியில் சுத்தின துணிநாடா நுனி பிரிஞ்சு தொங்குறதுகூடத் தெரியுது.

வலது முழங்காலில் கறுப்பா ஒரு திட்டு இருக்கே, அழுக்குன்னு நினைச்சு உன் ஆப் துடைச்சிருக்கு. அது சிராய்ப்பு. நம்ம கோவில்பட்டி ஹாக்கிப்பட்டின்னு பேர் வாங்கின ஊரானாலும் அப்போ எல்லாம் சரளைத் தரை, விழுந்தா தோலை உரிச்சிடும். 1976-லேயே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்லில் ஆடினாங்க. நம்ம கிருஷ்ணா நகர் மைதானத்துக்கு அது வந்தப்போ தாத்தா இல்லை.

கண்ணையும் நல்லாத் திறந்து விட்டிருக்கு ஆப். தாத்தா கண்ணைச் சுருக்கிக்கிட்டுல்ல நிப்பாங்க! எடுக்கிறவங்க முதுகுப் பக்கம் வெயில் இருக்கணும்னு அப்போ ஒரு கணக்கு. நிக்கிறவங்க பாடு திண்டாட்டம்.

அதனாலதான் எடுத்தவங்க நிழலும் தரையில் நீண்டு வந்து தாத்தா ஷூவைத் தொடுது. உன் படத்தில் அந்த நிழலே இல்லை. எனக்கும் இத்தனை வருஷம் அது கண்ணில் படலை. நேத்துதான் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன்: ரெண்டு முழங்கையும் விரிஞ்சிருக்கு, தலைக்குப் பக்கத்தில் கொண்டை மாதிரி ஒரு மேடு.

ஆச்சிகிட்டக் கேட்டேன். ‘நான் எங்கட்டி கேமராவத் தொட்டேன்’னுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. போகும்போது படத்தையும் கையோட எடுத்துட்டுப் போனாங்க. இன்னும் திருப்பித் தரலை.

அம்மா