கால்பந்து ரசிகர் சங்க ஆண்டறிக்கை: மைதானத்த விட்டுப் போறதா, அதே இடத்துல திருப்பிக் கட்டறதா

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் இன்னிக்கு வேலைய ஒதுக்கி வெச்சுட்டு வந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வழக்கமா இந்த அறிக்கைல எத்தனை கூட்டம் போட்டோம், வெளியூர் மேட்ச்சுக்கு எத்தனை பஸ் விட்டோம், சந்தா யார் யார் பாக்கின்னு வாசிச்சுட்டு உக்காந்துடுவேன். இந்த தடவ அதையெல்லாம் மொதல்லயே முடிச்சுடறேன். செயற்குழு மாசாமாசம் கூடுச்சு, பஸ் ஏற்பாட்டுல ஒரு மேட்ச் கூட விட்டுப் போகல, வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பார். சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து வடக்கு ஸ்டாண்ட்ல கொடி புடிச்ச நம்ம பெரியவர் ஒருத்தர் இந்த வருஷம் இறந்துட்டார், அடுத்த ஹோம் மேட்ச்ல அவர் சீட்ட காலியா விட்டு ஸ்கார்ஃப மட்டும் போட்டு வெச்சோம், பக்கத்துல இருந்தவங்க தொண்ணூறு நிமிஷமும் அந்த சீட்ட யாரையும் தொட விடல.

மீதி வருஷம் முழுக்க ஒரே பேச்சுதான். சீசன் தொடக்கத்துல கிளப் நிர்வாகம் நம்மள கூப்பிட்டு ரெண்டு வழி இருக்கு, ஊருக்கு வெளிய புது மைதானத்துக்குப் போறது இல்லன்னா இப்ப இருக்கறதையே இடிச்சு இடிச்சுக் கட்டறது, ரசிகர்கள் கருத்த எழுதிக் குடுங்கன்னு சொன்னாங்க. எழுதிக் குடுக்கறதுக்கு நமக்கு ஆறு பொதுக்கூட்டம் ஆச்சு. மொத கூட்டத்துல ஒருத்தர் பேச்ச ஒருத்தர் முடிக்க விடல, அண்ணன் தம்பியா ஒரே வரிசைல உக்காந்து மேட்ச் பாத்தவங்க கூட முகத்த திருப்பிக்கிட்டுப் போனாங்க, அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. ஆனா அந்த கோபத்துக்குக் காரணம் எனக்குப் புரியுது. அப்பா கைய புடிச்சு மொத மொதல்ல படியேறி அந்த பச்சைய பாத்த இடம் அது, அத விக்கலாமான்னு கேட்டா யாருக்கும் நெஞ்சு பதறத்தான் செய்யும்.

போகலாம்னு சொன்னவங்க பெரும்பாலும் இளைஞர்கள், அவங்க வாதத்த நான் கொறச்சு எழுத மாட்டேன். இங்கிலாந்து கிளப் எவர்டன அவங்க உதாரணமா காட்டுனாங்க. 1892ல இருந்து குடிசன் பார்க்ல ஆடுன கிளப், சுத்தி வீடுங்க நெருக்கிட்டதால விரிவாக்க எடம் இல்லாம 2025 மே மாசத்தோட ஆண்கள் டீம் அங்கேர்ந்து கெளம்பி ஆத்தோரம் பழைய கப்பல்துறைல கட்டுன 52,000 சீட்டுக்கு மேல இருக்கற மைதானத்துக்குப் போயிடுச்சு, ஆனா பழசையும் இடிக்காம பெண்கள் டீமுக்கு வெச்சுக்கிட்டாங்க. லண்டன் கிளப் ஆர்சனல் 2006ல பழைய மைதானம் ஹைபரிய விட்டப்ப சுமார் 38,000ல இருந்து 60,000 சீட்டுக்குப் போச்சு. இத்தாலி கிளப் யுவென்டஸ் கதைதான் எனக்கு ரொம்ப புடிச்சது, ஓடுதளம் சுத்தி இருந்த பெரிய டெல்லே ஆல்பி மைதானத்துல பாதி சீட் காலியா கெடந்துச்சு, அத இடிச்சுட்டு 2011ல அதே எடத்துல 41,000 சீட்டுக்கு சின்னதா, புல்வெளிய ஒட்டுனாப்ல கட்டுனாங்க, அதுக்கப்பறம் சத்தமே வேற. அது போறதா இருக்கறதான்னு கேட்டா ரெண்டும் இல்லன்னு ஒரு தம்பி சொன்னான், அவன் சொன்னது சரிதான், இடம் அதே, மைதானம் வேற.

போகக் கூடாதுன்னு சொன்னவங்ககிட்டயும் உதாரணத்துக்குப் பஞ்சமில்ல. லண்டன் கிளப் வெஸ்ட் ஹாம் 112 வருஷம் ஆடுன பழைய இடத்த விட்டு 2016ல ஒலிம்பிக்குக்குக் கட்டுன மைதானத்துக்கு வாடகைக்குப் போச்சு, 99 வருஷ குத்தகை, கோலுக்குப் பின்னாடி உக்காந்தா ஓடுதளம் இருந்த தூரம் நடுவுல கெடக்கு, 2018ல ரசிகர்கள் கோபத்துல புல்வெளிக்குள்ளயே எறங்கிட்டாங்க. இங்கிலாந்துலயே டார்லிங்டன் கிளப் கதை இன்னும் வேதனை. சில ஆயிரம் பேர் வந்து பாக்கற கிளப்புக்கு 2003ல 25,000 சீட்டுல மைதானம் கட்டுனாங்க, அந்த காலி சீட்டோட செலவு கிளப்பையே முழுங்கிடுச்சு, 2012ல மைதானத்தையும் விட்டு வெளிய வந்து அடிமட்ட லீக்ல இருந்து ரசிகர்கள் திரும்ப ஆரம்பிச்சாங்க. பிரைட்டன்ல புது இடம் கையில இல்லாமயே பழைய மைதானத்த நிர்வாகம் வித்துட்டாங்க, 1997ல இருந்து ரெண்டு வருஷம் சொந்த ஊர் மேட்ச்ச பாக்க 100 கிலோமீட்டருக்கு மேல போகணும், அப்பறம் ஒரு தடகள மைதானத்துல 2011 வரைக்கும் ஒண்டிக் கெடந்தாங்க. இப்ப நல்லா இருக்காங்கதான், ஆனா நடுவுல 14 வருஷம் ஒரு தலைமுறையே வீடு இல்லாம வளந்துச்சு.

நான் மறைக்காம சொல்றேன், அந்த நேரத்துல நான் ஒரு செங்கல் கூட நகரக் கூடாதுங்கற பக்கம். செயலாளர்ங்கறதால வாய தெறக்காம குறிப்பு எடுத்துட்டு இருந்தேன், அவ்ளோதான். என்ன மாத்துனது நாலாவது கூட்டத்துக்கு முந்தின ஞாயித்துக்கெழம.

பேசிப் பேசி ஒண்ணும் ஆகல, மேட்ச் இல்லாத நாள்ல மைதானத்துக்குள்ள போய் அளந்து பாத்துருவோம்னு பொருளாளர் சொன்னார். எட்டு பேர் போனோம், ரெண்டு அளவு டேப்பு, ஒரு நோட்டு. கிழக்கு ஸ்டாண்ட்ல கூரைய தாங்கற இரும்புத் தூண் வரிசையா இருக்கே, அதுல மூணாவது தூணுக்குப் பின்னாடி நம்ம இன்னொரு பெரியவரோட சீட். முப்பது வருஷமா அவருக்கு எடது பக்க கோல் தெரியாது. பந்து அங்க போனா தூண புடிச்சுக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு எட்டிப் பாப்பார். அவர் கை படற உயரத்துல மட்டும் பெயின்ட் சுத்தமா போயி இரும்பு கருப்பா வழவழன்னு மின்னுது, மேலயும் கீழயும் கிளப் கலர் அடுக்கடுக்கா உரிஞ்சு நிக்குது. நான் அந்த எடத்துல கைய வெச்சுப் பாத்தேன், உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் மாதிரி இருந்துச்சு. பாசம்னா இதுதான்னு மொதல்ல தோணுச்சு, ஒரு நிமிஷம் கழிச்சு, இந்த மனுஷன் டிக்கெட் எடுத்து முப்பது வருஷமா பாதி மேட்ச்தானே பாத்திருக்கார்னு தோணுச்சு.

அப்பறம் கீழ எறங்கி வீல்சேர் எடத்துக்குப் போனோம். நம்ம உறுப்பினர் தம்பி ஒருத்தர் தன்னோட வண்டிய வழக்கமா நிறுத்தற எடத்துல நிறுத்தி, எங்கள முன் வரிசைல போய் உக்காரச் சொன்னார், உக்காந்தோம், இப்ப கோல்னு நெனச்சு எந்திரிங்கன்னார், எந்திரிச்சோம். பின்னாடி இருந்து அவர் சத்தம் போடாம சொன்னார், அண்ணே இந்த மைதானத்துல நான் கோல் விழுந்து பாத்ததே இல்ல, உங்க முதுகுதான் பாத்திருக்கேன், சத்தத்த வெச்சுத்தான் யார் அடிச்சாங்கன்னு தெரிஞ்சுக்குவேன்னு. யாரும் பேசல. டேப்ப புடிச்சுட்டு இருந்தவர் அத சுருட்டவே மறந்துட்டார்.

அளவ பத்தி சுருக்கமா சொல்றேன், ஏன்னா இத நம்ம நிர்வாகத்துகிட்ட பேசறப்ப இதான் நமக்கு ஆயுதம். முன்னாடி இருக்கறவர் கண்ணுக்கு மேல நம்ம பார்வைக்கோடு எத்தனை மில்லிமீட்டர் உயரத்துல போகுதுங்கறத சி வேல்யூன்னு சொல்றாங்க, 90 இருந்தா பரவால்ல, 120 இருந்தா நல்லா தெரியும். நம்ம கிழக்கு ஸ்டாண்ட் கீழ் வரிசைங்க 90ஐ கூட தொடல. படிக்கட்ட செங்குத்தாக்குனா பார்வை நல்லா வரும், சத்தமும் உள்ளயே சுத்தும், ஆனா இங்கிலாந்து பாதுகாப்பு வழிகாட்டில சீட் போட்ட ஸ்டாண்ட் சாய்வு 34 டிகிரிய தாண்டக் கூடாதுன்னு வெச்சிருக்காங்க, லண்டன் கிளப் டாட்டனம் அவங்க புது மைதானத்துல 17,500 பேர் உக்காரற ஒத்த அடுக்கு தெற்கு ஸ்டாண்ட அந்த எல்லை வரைக்கும் கொண்டு போனாங்க. புது மைதானம்னாலே மேட்ச்சோட உயிர்ப்பு போயிரும்னு நம்ம பயந்தோம் இல்ல, அந்த பயம் முழுசா சரியில்ல, பந்துக்கும் ரசிகனுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் விடறாங்கங்கறதுலதான் விஷயம் இருக்கு.

வெளிய வர்ற வழிய அளந்தப்ப எனக்கு நெஜமாவே பயம் வந்துச்சு. கிழக்கு ஸ்டாண்ட் மேல்பாகம் மரப்பலகை, அடில இடைவெளி, அதுக்குள்ள பழைய பேப்பரும் குப்பையும். இங்கிலாந்துல பிராட்ஃபோர்ட் மைதானத்துல 1985 மே 11ம் தேதி இதே மாதிரி ஒரு மர ஸ்டாண்ட், அடில வருஷக்கணக்கா சேந்த குப்பைல தீ புடிச்சு சில நிமிஷத்துல முழுசா எரிஞ்சு 56 பேர் செத்துப் போனாங்க, அந்த ஸ்டாண்ட் கூரைய மாத்தற வேலை அந்த சீசன் முடிஞ்சதும் தொடங்கறதா இருந்துச்சு. அடுத்த சீசன் பாத்துக்கலாம்னு நம்ம சொல்றப்பல்லாம் எனக்கு இப்ப இதான் ஞாபகம் வருது. அடுத்த நாளே கடிதம் குடுத்தோம், ஒரு வாரத்துல அந்த குப்பைய எடுத்துட்டாங்க, மேல் ரெண்டு வரிசைய மூடிட்டாங்க. இந்த வருஷம் சங்கம் செஞ்ச வேலைல உருப்படியானது இதுதான்னு நான் நெனைக்கறேன்.

அஞ்சாவது கூட்டம் அமைதியா நடந்துச்சு, ஏன்னா இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கட்டும்னு சொல்ல ஆளே இல்ல. அப்ப கேள்வி, ஆடிக்கிட்டே கட்ட முடியுமான்னு வந்துச்சு. முடியும். லிவர்பூல் வேற எடத்துக்குப் போற திட்டத்த வருஷக்கணக்கா தூக்கிட்டு அலஞ்சு 2012ல அத விட்டுட்டு தங்களோட மைதானம் ஆன்ஃபீல்டையே பெருசாக்கறதுன்னு முடிவு பண்ணாங்க, பழைய மெயின் ஸ்டாண்டுக்குப் பின்னாடியும் மேலயும் கட்டிக்கிட்டே உள்ள மேட்ச் ஆடுனாங்க, 2016ல 8,500 சீட் கூடுச்சு. ஸ்பெயின்ல பில்பாவோ ஊர் அத்லெடிக் கிளப் அவங்க பழைய மைதானம் சான் மாமேசுக்கு ஒட்டுனாப்லயே புதுச கட்டி 2013ல மூணு பக்கத்தோட ஆட ஆரம்பிச்சு, பழசு நின்ன எடத்துல நாலாவது பக்கத்த அப்பறமா முடிச்சாங்க, ஊர விட்டு ஒரு நாள் போகல. ஜெர்மனி கிளப் யூனியன் பெர்லின சொல்லாம இருக்க முடியாது, கிளப்கிட்ட காசு இல்லன்னு 2008, 2009ல 2,000க்கும் மேல ரசிகர்கள் சொந்தமா வந்து 1,40,000 மணி நேரம் கல்லு மண்ணு சுமந்து அவங்க மைதானத்த புதுப்பிச்சாங்க, இத வாசிச்சப்ப நம்ம ஹால்ல எத்தனை பேர் தானா கை தூக்குனீங்கன்னு எனக்குத் தெரியும்.

ஆனா இதுலயும் சிக்கல் இருக்கு, மறைச்சா தப்பு. பார்சிலோனா 2023ல புதுப்பிக்கற வேலைக்காக அவங்க மைதானம் கேம்ப் நோவ விட்டு மலை மேல இருக்கற ஒலிம்பிக் மைதானத்துக்குப் போனாங்க, 2024 கடைசில திரும்பிடலாம்னு சொன்னது 2025 நவம்பர் வரைக்கும் இழுத்துச்சு. ஆன்ஃபீல்ட் ரோடு ஸ்டாண்ட் கட்டிட்டு இருந்த கான்ட்ராக்டர் கம்பெனி 2023ல நொடிச்சுப் போயி வேலை நின்னுச்சு. ஆன்ஃபீல்ட சுத்தி விரிவாக்கத்துக்குன்னு வாங்குன வீடுங்க வருஷக்கணக்கா பூட்டிக் கெடந்து தெருவே பாழாச்சு. நம்ம மைதானத்த சுத்தியும் தெரு இருக்கு, அங்க குடியிருக்கறவங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிடணும்னு மகளிர் பிரிவு அக்கா சொன்னதுக்கு ஒருத்தர் கூட எதிர்ப்பு சொல்லல. டாய்லெட் கணக்கையும் அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க, இடைவேளைல பெண்கள் வரிசை முடியறதுக்குள்ள ரெண்டாவது பாதி ஆரம்பிச்சுடுது, தீர்மானத்துல அதுவும் தனியா இருக்கு.

எல்லாத்தையும் விட முக்கியமா நான் நெனைக்கறது மண்ணு யார் பேர்ல இருக்குங்கறது. லண்டன் கிளப் செல்சியோட மைதானம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ், அதோட நெலம் ரசிகர்கள் பங்கு வெச்சிருக்கற ஒரு கம்பெனி பேர்ல இருக்கு. 2011ல கிளப் அத திரும்ப வாங்கிக்கறோம்னு கேட்டுச்சு, 75 சதவீதம் ஓட்டு வேணும், 61.6தான் கெடச்சுது, நெலம் ரசிகர்கள்கிட்டயே நின்னுச்சு. அவங்க அன்னிக்கு செஞ்சது சரியா தப்பான்னு இன்னிக்கும் ரெண்டு பேச்சு இருக்கு, ஆனா அவங்கள கேக்காம யாரும் எதையும் விக்க முடியல. பிரைட்டன் ரசிகர்களுக்கு அந்த ஒரு பிடி இல்ல. நம்ம கைலயும் இப்ப இல்ல.

ஆறாவது கூட்டத்துல ஓட்டெடுப்பு நடந்துச்சு, இருக்கற எடத்துலயே ஸ்டாண்ட் ஸ்டாண்டா கட்டறதுங்கறது ஜெயிச்சுது. தோத்த பக்கம் சின்னது இல்ல, அவங்க சொன்னதுல பாதி தீர்மானத்துக்குள்ள இருக்கு. கிழக்கு ஸ்டாண்ட் மொதல்ல இடிக்கணும், வீல்சேர் எடம் முன் வரிசை எந்திரிச்சாலும் கோல் தெரியற உயரத்துல இருக்கணும், கோலுக்குப் பின்னாடி நின்னு பாக்கற பகுதில கொறஞ்ச டிக்கெட் அப்படியே தொடரணும், நெலத்த விக்கறதோ அடமானம் வெக்கறதோ ரசிகர்கள் ஓட்டு இல்லாம நடக்கக் கூடாதுன்னு எழுத்துல வேணும். இந்த கடைசி வரிய நிர்வாகம் எடுத்துடச் சொல்லி ரெண்டு தடவ கேட்டாங்க. எடுக்கல. ஒருவேளை அந்த எடத்துல கட்டவே முடியாதுன்னு இன்ஜினியர் அறிக்கை வந்தா, புது மைதானம் முழுசா கட்டி முடிச்சு நம்ம கிளப் பேர்ல பதிவு ஆகற வரைக்கும் பழசு மேல கை வெக்கக் கூடாதுன்னும் சேத்திருக்கோம்.

பழைய தூண என்ன பண்றதுன்னு தெற்கு ஸ்டாண்ட்காரங்க கேட்டாங்க, மூணாவது தூண மட்டும் வெட்டி எடுத்து புது ஸ்டாண்ட் வாசல்ல நிறுத்தணும்னு பெரியவர்கிட்ட சொன்னப்ப, அதெல்லாம் வேணாம்ப்பா எனக்கு எடது பக்க கோல் தெரியற மாதிரி ஒரு சீட் போடுன்னு மட்டும் சொன்னார். சீட்டுக்கு அவர் பேர குறிச்சு வெச்சிருக்கேன்.

பாக்கி வேலை: மேற்கு ஸ்டாண்ட் மேல்மாடி இன்னும் அளக்கல, பூட்டிக் கெடக்கு, சாவி கேட்டு குடுத்த ரெண்டாவது கடிதத்துக்கும் பதில் வரல. அளவு நோட்டும் ரெண்டு டேப்பும் என்கிட்ட இருக்கு, இன்னிக்கு தேர்வாகற செயலாளர்கிட்ட ஒப்படைக்கறேன். டேப்பு ஒண்ணு நுனி ஒடஞ்சிருக்கு, மொத ரெண்டு சென்டிமீட்டர கழிச்சுக்கிட்டு எழுதணும்.