அக்காவுக்கு, சான் அன்டோனியோவிலிருந்து

அன்புள்ள அக்கா,

நாங்கள் எல்லோரும் சுகம். அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்காகவா அவ்வளவு வாடகை கொடுத்து வீடு மாறினீர்கள் என்று போனில் கேட்டாய், சின்னவள் போனைப் பிடுங்கிக்கொண்டதில் பதில் சொல்ல முடியவில்லை. ஆமாம், அதற்காகத்தான். பள்ளியில் கட்டணம் கிடையாது, ஆனால் எந்தப் பள்ளி என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது.

நம் ஊரில் எந்த அரசுப் பள்ளியானாலும் உன்னைப் போன்ற ஆசிரியர்களின் சம்பளம் ஒரே கஜானாவிலிருந்து வருகிறது. இங்கே இந்த ஒரு நகரத்துக்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள், ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, நிலத்துக்கு வரி போட்டுப் பள்ளி நடத்துகிறது, மேற்கொண்டு மாநில அரசு தருகிறது, வாஷிங்டனில் உள்ள மத்திய அரசிலிருந்து வருவது கொஞ்சம்தான். எங்கள் மாநிலமான டெக்சஸில் மாநில வருமான வரி இல்லாததால் வீட்டு வரி பலமாக இருக்கும்.

இது நியாயமா என்று நாட்டையே கேட்க வைத்த வழக்கு இந்த ஊர்க்காரர்கள் போட்டது, அக்கா. 1968இல் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்து வெளியே வந்தார்கள். பெற்றோர்கள் நீதிமன்றம் போனார்கள், வழக்கில் முதல் பெயர் விமானப்படைத் தளத்தில் தகடு வேலை செய்த டெமெட்ரியோ ரோட்ரிகெஸ். எட்ஜ்வுட்காரர்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டியும் ஒரு பிள்ளைக்குத் தேறியது 26 டாலர், பணக்கார அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான் கட்டினார்கள், தேறியது 333. அதிக வரி கட்டியவன் பிள்ளைக்குக் குறைவான படிப்பு! ஆனாலும் 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1989இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம்தான் இந்த முறை மாநில அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது, அப்புறம் 1993இல் பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பங்கை எடுத்து மற்றவற்றுக்குத் தரும் சட்டம் வந்தது. இடைவெளி குறைந்திருக்கிறது, தீரவில்லை.

சரி, பெரியவள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு 'ஜிடி' கிடைத்திருக்கிறது, அதாவது அதிகத் திறன் உள்ள பிள்ளைகளுக்கான வகுப்பு. தினமும் அல்ல, வாரத்தில் சில மணி நேரம் தனி அறையில் கணக்குப் புதிர், ஆராய்ச்சி மாதிரி சின்னச் சின்ன வேலைகள். பாடத்தில் ரொம்ப முன்னால் இருந்தால் தேர்வெழுதி ஒரு வகுப்பைத் தாண்டலாம், நாலு பாடத்திலும் 80 வாங்க வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் டென்டன் என்ற ஊரில் உள்ள வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழக விடுதியில் தங்கிக் கல்லூரிப் பாடமே படிக்கும் வழியும் உண்டு.

இதற்கென்று நாடு முழுவதற்குமான கட்டாயச் சட்டம் இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் கட்டாயம்தான், ஆனால் இதற்கான தனி நிதியை 2019இல் எடுத்துவிட்டு 2021இல் முன்பைவிடக் குறைவாகத் திருப்பித் தந்தார்கள். அதுவும் மாவட்டத்தில் 5 சதவீதப் பிள்ளைகளுக்கு மேல் கணக்கில் வராது.

எனக்கு மனது ஆறாத இடம் வேறு. பல இடங்களில் ஆசிரியரோ பெற்றோரோ பேர் கொடுத்தால்தான் பிள்ளையைச் சோதிக்கிறார்கள். எங்களுக்கு அலுவலக நண்பர் சொல்லித் தெரிந்தது. நம்மவர்கள் பயிற்சிப் புத்தகமே வாங்கித் தயார் செய்கிறார்கள். இரண்டு வேலை பார்க்கும், ஆங்கிலம் தடுமாறும் ஒரு அம்மாவுக்கு யார் சொல்வார்? ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்டியில் 2005 முதல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் சோதித்தார்கள். உடனே ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் நிறையப் பேர் தேர்வானார்கள். முன்பும் அதே திறனோடு இருந்தவர்கள்தானே, யாரும் பார்க்கவில்லை. பிறகு பணமில்லை என்று நிறுத்தினார்கள், எண்ணிக்கை பழையபடி இறங்கிவிட்டது. இதைப் படித்தபோது கோபம் கோபமாக வந்தது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி அனுப்புவதாகச் சொன்னாயே, இந்த வருடம் தகுதி உள்ள எல்லோரையும் எழுத வை. மாதம் 1000 ரூபாய், நாலு வருடம், அந்த வீடுகளுக்குச் சின்னத் தொகையா? மாதிரி வினாத்தாள் நகல் எடுக்கும் செலவை நான் அனுப்புகிறேன், எத்தனை பேர் என்று மட்டும் சொல்.

அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி