வேலிக்கு வெளிய நிக்கிறவங்க

ஆசிரியருக்கு வணக்கம். அகதிகள் பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா இடம் குடுத்த ஊர்க்காரங்க பத்தி ஒரு வரி கூட இல்லயே சார். 2017 ஆகஸ்ட்ல இருந்து சில மாசத்துலயே மியான்மர விட்டு 7 லட்சம் ரோஹிங்கியா மக்களுக்கு மேல பங்களாதேஷ் காக்ஸ் பஜாருக்கு ஓடி வந்தாங்க, மொதல்ல சோறும் துணியும் குடுத்தது அங்க இருந்த ஏழை ஜனங்கதான். அப்புறம் அத்தன அடுப்புக்கும் விறகு வேணுமே, மலையில மரமெல்லாம் போச்சு, கூலி வேலைக்கும் போட்டி, ரேஷன் மட்டும் கேம்ப்புக்குள்ள, வெளிய நின்னு பாக்கிறவனுக்கு வயிறு எரியாம என்ன செய்யும்? இத வெறுப்புன்னு சட்டுனு சொல்லிடறோம். 2018ல இருந்து கேஸ் சிலிண்டர கேம்ப்புக்கும் பக்கத்து ஊர் வீடுகளுக்கும் சேத்தே குடுக்க ஆரம்பிச்சாங்க, விறகு வெட்டுறது நல்லாவே கொறஞ்சுது. உகாண்டால அகதிகளுக்கு வர்ற உதவில 30 சதவீதம் உள்ளூர்க்காரங்களுக்குப் போகணும்னு கொள்கையே வச்சிருக்காங்க, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், 2006 சட்டப்படி அகதிங்க வேலைக்கும் போலாம். (வெளிநாட்டு நிதி கொறஞ்சா அங்கயும் முணுமுணுப்புதான், அது வேற.) அடுத்த கட்டுரைல இதயும் கொஞ்சம் எழுதுங்க.

– ஒரு வாசகர்