எப்போது குடிப்பது என்று சொன்னால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எனக்கு வயது 78. புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து முடித்து ஒரு மாதம் ஆகிறது. ‘கரண்ட் வைக்கிறாங்களாமே, இந்த வயசுல தாங்குமா?’ என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கரண்ட் தாங்கியது. மேசையில் அசையாமல் படுத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும், வலி கிடையாது. நாட்களும் இப்போது குறைவு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரும்பாலும் பிரிட்டனில் நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. 37 முறை கொடுப்பதற்கு 20 முறை சளைத்ததல்ல என்று அதில் தெரிந்தது. எனக்கும் 20தான்.

தாங்க முடியாமல் போனது தண்ணீர்.

தினமும் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து, மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, முக்கால் மணி நேரம் அடக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பினால் சிறுகுடல் மேலே தள்ளப்பட்டுக் கதிருக்குத் தப்பிக்கும். பையிலும் பெரும்பகுதி தப்பும். நியாயம்தான். ஆனால் புரோஸ்டேட் தொல்லையால் இரவில் ஐந்து முறை எழுந்திருக்கிறவனிடம் அடக்கச் சொல்கிறார்கள்! (பக்கத்தில் உட்காருபவருக்குச் சிறுநீர்ப்பையிலேயே புற்றுநோய். அவரைப் பையைக் காலி செய்துவிட்டு வரச் சொல்வார்கள். கொடுத்து வைத்தவர்.)

ஒன்பதாம் நாள் மெஷின் நின்றுவிட்டது. நான் குடித்து முடித்திருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த கழிப்பறைக்கு நடந்தேன். பாதி வழியிலேயே உடை நனைந்துவிட்டது, கூட வந்த மகள் எதிரிலேயே. அப்புறம் மறுபடி மூன்று டம்ளர், மறுபடி முக்கால் மணி.

மறுநாளிலிருந்து பயத்தில் வீட்டில் தண்ணீரைக் குறைத்தேன். அது அதைவிட முட்டாள்தனம். உடம்பு வறண்டிருந்தால் பை நேரத்துக்கு நிரம்பாது. ஸ்கேனில் பார்த்துவிட்டு மேசையிலிருந்து இறக்கி விடுவார்கள். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எத்தனை மணிக்குப் போடுவது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்குப் பன்னிரண்டாம் நாள்தான் அந்தப் புத்தி வந்தது.

கதிர்வீச்சுப் பிரிவுகளை நடத்துகிறவர்கள் கோடி ரூபாய் மெஷின் மேல் வைக்கும் கவனத்தில் கொஞ்சம் எங்கள் பக்கமும் திருப்பலாம். எழுபதைத் தாண்டியவர்களைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாமதம் என்றால், நாங்கள் டம்ளரை எடுப்பதற்கு முன் சொல்லுங்கள். பதினான்காம் நாள் டெக்னீஷியன் பெண் ஒருவர் வெளியே வந்து, ‘ஐயா, இப்ப குடிக்காதீங்க, இன்னும் அரை மணி நேரம் ஆகும்’ என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அங்கே உட்கார்ந்து உங்கள் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்