வீட்டு ஸ்பீக்கருக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத்தில் வாங்கத்தக்க ஒலிச் சாதனங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ஆம்ப்ளிபயரின் வாட்ஸ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்னும் பொருள்பட எழுதப்பட்டிருந்தது. 30 ஆண்டுகளுக்கு மேலாக ரேடியோ, ஆம்ப்ளிபயர் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அதை மறுப்பது என் கடமை என்று கருதுகிறேன். இந்த ஓர் எண்ணத்தை நம்பிப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பின்னர் வருந்தியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அண்மையில் ஒருவர், பாடாமல் நின்றுபோன ஹோம் தியேட்டர் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். முன்பக்கத்தில் ‘5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று வெள்ளி எழுத்தில் ஒட்டியிருந்தது; பி.எம்.பி.ஓ. என்பது கண நேரம் மட்டும் எழும் உச்சத் திறனைக் குறிப்பதாகச் சொல்லப்படுவது. அதனுடன் வந்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தபோது 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 36 வாட்ஸ். உள்ளே போகும் மின்சாரமே 36 வாட்ஸ்தான் என்னும்போது, 5000 வாட்ஸ் தொடர்ந்து வெளியே வர வழியே இல்லை. பி.எம்.பி.ஓ. என்பதை அளப்பதற்குப் பொதுவான விதிமுறை எதுவும் கிடையாது; கண நேர உச்சத்தை எப்படியோ கணக்கிட்டு, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் கூட்டி எழுதிவிடலாம். இத்தகைய குழப்பத்தைத் தடுக்கவே அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1974-இலேயே விதி வகுத்தது. அங்கே வீட்டு ஆம்ப்ளிபயரின் திறனைச் சொல்லுகிறவர், எத்தனை ஓம் (மின்தடையின் அலகு) ஸ்பீக்கரில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவுடன் அது தொடர்ந்து கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் பார்க்க வேண்டியதும் அப்படித் தொடர்ந்து கிடைக்கும் ஆர்.எம்.எஸ். அளவைத்தான்.

அந்த அளவு எவ்வளவு தேவை என்பதை என் வீட்டுக் கூடத்திலேயே அளந்து பார்த்தேன். என்னிடம் இருப்பவை 8 ஓம் ஸ்பீக்கர்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 87 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) ஒலி தருபவை. எட்டடி தள்ளி அமர்ந்து ஒரு நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டபடி, ஸ்பீக்கரின் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தேன். அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரல் எனக்குக் கேட்காத அளவுக்குச் சத்தம் இருந்தபோதும், முள் ஏறக்குறைய 1 வோல்ட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ் கிடைக்கும்; ஆக, 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வோல்ட் என்பது ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. தொடர்ந்து உட்கார முடியாத அளவுக்குச் சத்தத்தைக் கூட்டியபோது 4 வோல்ட் காட்டியது. அதுவும் 2 வாட்ஸ்தான். அந்தக் காலத்து வால்வு ரேடியோக்கள் மூன்று, நான்கு வாட்ஸை வைத்துக்கொண்டு டீக்கடையிலிருந்து தெருமுழுக்கப் பாடியதன் காரணம் இதனால் விளங்கும்.

ஆனால் 2 வாட்ஸ் ஆம்ப்ளிபயர் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. முள் காட்டுவது சராசரியை மட்டுமே. தவிலில் விழும் ஒவ்வொரு அடியும் அந்தச் சராசரியைக் காட்டிலும் 15 டெசிபல் வரை மேலே எழும்பக்கூடும். அந்தக் கணத்தில் முப்பது மடங்கு திறன் தேவைப்படும். அந்த 2 வாட்ஸுக்கு அது 60 வாட்ஸ் உச்சமாகிறது. கண நேர உச்சம் ஆர்.எம்.எஸ். அளவைப் போல் இரண்டு மடங்கு வரை போகும் என்பதால், 40 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். உள்ள நேர்மையான ஆம்ப்ளிபயர் அதைச் சிதைக்காமல் தந்துவிடும். அதற்கு மேல் போவதால் கிடைப்பது சொற்பமே: 50 வாட்ஸை 100 ஆக்கினால் 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் பத்து மடங்கு, அதாவது 500 வாட்ஸ் வேண்டும்.

வாட்ஸைவிட முக்கியமானது ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் அது தரும் டெசிபல் அளவு. 84 டெசிபல் ஸ்பீக்கரும் 90 டெசிபல் ஸ்பீக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், முன்னதற்கு 100 வாட்ஸ் கொடுத்துப் பெறும் சத்தத்தைப் பின்னது 25 வாட்ஸிலேயே தந்துவிடும். கடையில் வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்பவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

இன்னொரு தவறான அச்சமும் உண்டு. ஆம்ப்ளிபயரின் வாட்ஸ் ஸ்பீக்கரின் வாட்ஸைத் தாண்டினால் ஸ்பீக்கர் உடனே எரிந்துவிடும் என்பார்கள். என் மேசைக்கு வந்த எரிந்த ட்வீட்டர்களில் (கீச்சொலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கர்கள்) பெரும்பாலானவை சிறிய ஆம்ப்ளிபயரை முழு வால்யூமில் வைத்துக் கல்யாண வீட்டில் பாடவிட்டதால் போனவை. தன் எல்லையைத் தாண்டும் ஆம்ப்ளிபயர் ஒலியலையின் தலையை வெட்டித் தட்டையாக்கிவிடுகிறது. அப்போது, மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்களெல்லாம் (உயர்ந்த அதிர்வெண் ஒலிகள்) பிறந்து, சராசரித் திறனும் ஏறி, ட்வீட்டருக்குள் நுழைகின்றன. மூடியைக் கழற்றினால், தலைமயிர் போன்ற அந்தக் கம்பிச் சுருள் கருகி, அதன் மெல்லிய கூடு உப்பியிருப்பதைக் காணலாம். சற்றுக் கூடுதலான திறனுள்ள ஆம்ப்ளிபயரை வைத்துக்கொண்டு, ஒலி கரகரக்கத் தொடங்கும்முன் வால்யூமைக் குறைப்பவரின் ஸ்பீக்கர் பல ஆண்டுகள் உழைக்கும். பெரிய கூடமும் சென்சிட்டிவிட்டி குறைந்த சிறு ஸ்பீக்கரும் உள்ளவர்கள் 100 வாட்ஸ் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே, இனி இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது பி.எம்.பி.ஓ. எண்களை விட்டுவிட்டு, ஒவ்வோர் ஆம்ப்ளிபயருக்கும் எத்தனை ஓமில் எவ்வளவு ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்பதையும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிட்டிவிட்டி எத்தனை டெசிபல் என்பதையும் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். இவற்றைத் தர மறுக்கும் தயாரிப்புகளின் பெயருக்கு நேரே ‘விவரம் தரப்படவில்லை’ என்றே போடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.