டச்பேடுக்கு டிரைவர் மாத்துறதுக்கு முன்னாடி ஒரு ஃபைலைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கம்ப்யூட்டர் பக்கத்துல லினக்ஸ் கேள்வி-பதில் வர்றது எனக்கு ரொம்ப சந்தோஷம், ஆனா ரெண்டு விரல் ஸ்க்ரோல் வேலை செய்யலன்னு ஒரு வாசகர் கேட்டதுக்கு "சினாப்டிக்ஸ் டிரைவர் போடுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க, அதைத்தான் சொல்ல வந்தேன். இதே யோசனையை நம்பி நானும் ரெண்டு நாள் டிரைவரைப் போட்டுப் போட்டு எடுத்தேன், ஒண்ணும் நடக்கல.

சினாப்டிக்ஸ்ங்கறது டச்பேடு செய்யற கம்பெனி பேரு, எக்ஸ் சர்வரோட (லினக்ஸ்ல திரை, மவுஸ், கீபோர்டைக் கவனிக்கற பழைய புரோகிராம்) பழைய டிரைவருக்கும் அதே பேருதான், அந்த டிரைவர் எலான்டெக், ஆல்ப்ஸ்னு வேற கம்பெனி டச்பேடையும் ஓட்டும். குழப்பமே இங்கதான் ஆரம்பிக்குது. எக்ஸ் சர்வருக்குப் பதிலா வந்த வேலேண்ட்ல ஓடுற டெஸ்க்டாப்னா அந்த டிரைவருக்கு அங்க இடமே இல்ல, லிப்இன்புட்ங்கற வேற ஒண்ணுதான் டச்பேடைப் பார்த்துக்கும். அதை விட முக்கியம், இது ரெண்டுமே மேல்தட்டு, அடியில கெர்னல் (ஹார்டுவேரோட நேரடியா பேசற லினக்ஸோட மையப் பகுதி) டச்பேடை டச்பேடுன்னு கண்டுபிடிக்கலன்னா மேல எதை மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல.

கெர்னல் என்ன கண்டுபிடிச்சிருக்குன்னு பார்க்க ப்ராக் ஃபோல்டர்ல பஸ், அதுக்குள்ள இன்புட், அதுக்குள்ள டிவைசஸ்னு ஒரு ஃபைல் (/proc/bus/input/devices) இருக்கு, அதைத் திறந்தா ஒவ்வொரு டிவைசுக்கும் பேரும், அது எந்த வழியில இணைஞ்சிருக்குன்னு சொல்ற பஸ் நம்பரும் வரும். 0011னா பிஎஸ்2 (பழைய மவுஸ், கீபோர்டு இணைப்பு), 0018னா ஐ2சி (புது லேப்டாப் டச்பேடுகள்ல வர்ற இணைப்பு), 0003னா யுஎஸ்பி. பிஎஸ்2ல பிஎஸ்மவுஸ்ங்கற கெர்னல் டிரைவர் ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள தனி கமாண்ட் வரிசையை அனுப்பிப் பார்க்கும், எதுக்கும் சரியான பதில் வரலன்னா சாதாரண மவுஸ்னு முடிவு பண்ணிடும். அப்ப பேருல ஜெனரிக் மவுஸ்னு இருக்கும், கர்சர் நகரும், ஆனா ரெண்டு விரல் வெச்சா அதுக்குத் தெரியாது.

என் லேப்டாப்ல அப்படித்தான் இருந்துச்சு. டச்பேடு உண்மையில ஐ2சி, ஆனா கெர்னல் பழசுங்கறதால ஐ2சி பக்கம் எழுந்திருக்கவே இல்ல, அதனால பிஎஸ்2 மவுஸ் மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்துச்சு. புது கெர்னல் போட்டதும் ஹெச்ஐடி மல்டிடச்ங்கற கெர்னலோட சொந்த டிரைவர் தானா வந்து பிடிச்சுக்கிச்சு, தனியா எந்த டிரைவரும் போடல.

ஃபைல்ல பேரு சரியா இருந்தும் பிரச்சினை இருந்தா மட்டும் மேல போகலாம். எக்ஸ் சர்வர்னா அதோட லாக்ல "யூசிங் இன்புட் டிரைவர்"னு வர்ற வரியில யார் பிடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். ரெண்டு டிரைவரும் இருந்தா கான்ஃபிக் ஃபைல் பேரு ஆரம்பத்துல இருக்கற நம்பர்ல பெரிசுதான் ஜெயிக்கும், 40 லிப்இன்புட், 70 சினாப்டிக்ஸ்னு இருந்தா சினாப்டிக்ஸ்தான்.

அடுத்த தடவை யாராவது இதே கேள்வி கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த ஃபைல்ல டச்பேடோட பேரு வரியையும் பஸ் வரியையும் அனுப்பச் சொல்லுங்க, தயவு செஞ்சு.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்