ஹார்டு டிஸ்க்குக்குச் செலவு செய்யலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

புது போன் வந்தால் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அரைப்பக்கம் எழுதுகிறீர்கள், சரி. ஆனால் பல வீடுகளில் பீரோவில் துணிக்கு நடுவே ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் கிடக்கிறது, கல்யாண வீடியோவிலிருந்து குழந்தையின் முதல் பிறந்தநாள் வரை எல்லாம் அதற்குள்தான். அது ஒருநாள் திறக்க மறுத்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதக் காணோம். கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையில் இருப்பதால் "ரிப்பேர் பண்ணலாமா, தூக்கிப் போடலாமா" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

செக்டர், அதாவது டேட்டா பதியும் சிறு சிறு பகுதிகள், கெட ஆரம்பித்த டிஸ்க்கைச் சரிசெய்து மறுபடி நம்பி வைத்துக்கொள்ள முடியாது. புது டிஸ்க் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே செலவு செய்வதென்றால் உள்ளே இருக்கும் டேட்டாவுக்காக மட்டும்தான். அதே படங்கள் போனிலோ கூகுள் போட்டோஸிலோ ஸ்டுடியோக்காரரிடமோ இருந்தால் பேச்சே வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள். வாரண்டி இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாரண்டியில் மாற்றுவது டிஸ்க்கை மட்டும்தான், பழையதைக் கொடுத்தால் டேட்டாவும் அதோடு போய்விடும்.

கடைக்குப் போகும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்த டிஸ்க்குகள் பலவற்றில் இருக்கும் அந்த அகலமான மைக்ரோ பி சாக்கெட் சீக்கிரமே லூஸாகிவிடும், கோளாறு அதோடு நின்றுவிடுவதும் உண்டு. டிஸ்க் தெரிகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கெட்ட செக்டர்களைக் காட்டும் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே எண் ஏறிக்கொண்டே போனால் முக்கியமான ஃபோல்டர்களை முதலில் காப்பி எடுங்கள், சினிமாவெல்லாம் அப்புறம். "ஃபார்மேட் செய்யவா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், விண்டோஸின் பிழை பார்க்கும் செக் டிஸ்க்கும் ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது இன்னும் போட்டு அலைக்கழிக்கும்.

டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். டேட்டாவைப் படிக்கும் ரீடிங் ஹெட், உள்ளே சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது, ஒரு தூசி அதைவிடப் பல மடங்கு பெரியது. இப்படியிருக்க, ஃபேனுக்குக் கீழே மேஜையில் வைத்து டிஸ்க்கைத் திறந்து பார்க்கும் கடைக்காரர்களை என்ன சொல்வது! யூடியூபைப் பார்த்து ஃப்ரீசரில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்வதுதான் மிச்சம். ஹெட் போயிருந்தால் கிளீன் ரூம், அதாவது தூசி நீக்கிய அறை, உள்ள இடத்தில்தான் வேலை ஆகும், அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஏற்கெனவே யாராவது திறந்திருந்தால் டேட்டா கிடைக்கும் வாய்ப்பும் குறைந்துவிடும்.

கூட்டைக் கழற்றி உள்ளே இருப்பதை நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டலாம் என்பது சில மாடல்களுக்குத்தான் சரி. டபிள்யூடி மை பாஸ்போர்ட் பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே இருக்கிறது, டேட்டாவும் என்கிரிப்ட் ஆகி, அதாவது நேராகப் படிக்க முடியாத சங்கேதமாகத்தான் பதிவாகிறது, கழற்றிப் பயனில்லை.

என் கோரிக்கை இதுதான். வாட்ச் ரிப்பேர் கடையில்கூட ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள். டேட்டா ரெக்கவரி என்று போர்டு மாட்டியிருக்கும் கடைகளும் என்ன கோளாறு, டிஸ்க்கைத் திறப்பார்களா, ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள் என்று வேலை தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இதை உங்கள் பத்திரிகை கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும். அதுவரை வாசகர்கள் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பார்க்கலாம். "போர்டை மாத்தினா போதும் சார்" என்று டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைப் பற்றிக் கடைக்காரர் சொன்னால், பழைய போர்டில் இருக்கும் ஆர்ஓஎம் சிப்பை, அதாவது அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிந்திருக்கும் சிப்பை, புது போர்டுக்கு மாற்றுவீர்களா என்று கேளுங்கள். அவர் விழித்தால் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி